இரக்கமும் இரைச்சலும்

1

1821 ஆகஸ்டில், பெர்லினில், ஆர்தர் ஷோபன்ஹவர் குடியிருந்த அறைக்கு வெளியே முன்கூடத்தில் மூன்று பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கரோலின் மார்கே. தையல் வேலை செய்து பிழைத்த, நாற்பது வயது கடந்த அம்மாள். ஷோபன்ஹவர் போகச் சொன்னார். அந்த அம்மாள் போக மறுத்தார். அவரைப் பிடித்து வெளியே தள்ளினார் தத்துவவாதி. விழுந்ததில் கை நடுக்கம் கண்டுவிட்டது, இனித் தைக்க முடியாது என்று அந்த அம்மாள் வழக்குத் தொடுத்தார். வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. கடைசியில், அவர் உயிரோடு இருக்கும்வரை ஆண்டுக்கு 60 தாலர் கொடுத்துவர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சப்தம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அந்த முன்கூடம் தன்னுடையது என்ற உரிமைக் கோபமும் அதில் இருந்தது. ஆனால் இரைச்சல் விஷயத்தில் அவருடைய அபிப்பிராயம் என்ன என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1851-ல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில் இரைச்சலைப் பற்றியே ஒரு கட்டுரை இருக்கிறது. தெருவில் வண்டிக்காரர்கள் சாட்டையைச் சொடுக்கும் ஒலி தன் சிந்தனையை வெட்டிப் போடுகிறது என்பது அதில் அவருடைய பிரதானமான புகார். இரைச்சலைச் சகிக்கும் திறன் அறிவுக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும் என்பது அவர் முடிவு.

இதே மனிதர்தான் 1839-ல் அறத்தின் அடிப்படை என்ன என்ற கேள்விக்குப் பதிலாக, இரக்கம் ஒன்றே என்று எழுதியவர். போட்டிக்கு வந்த ஒரே கட்டுரையாக இருந்தும் டேனிஷ் ராயல் சொசைட்டி அதற்குப் பரிசு தர மறுத்தது வேறு கதை. கட்டுரையின் சாரம் இதுதான்: எனக்கும் பிறனுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது; இரக்கப்படும் கணத்தில் அந்தச் சுவர் இல்லாமல் போகிறது; பிறன் வலி என் வலியாகிறது; அறம் என்று உலகில் உள்ளதெல்லாம் இந்தக் கணத்திலிருந்து பிறக்கிறது. இதற்கு ஆதாரமாக அவர் சாந்தோக்ய உபநிஷத்தின் மகாவாக்கியம் வரைக்கும் வருகிறார். தாரா ஷுகோ பாரசீகத்தில் ஆக்கியதிலிருந்து ஆங்கெத்தில் துப்பெரோன் லத்தீனில் மொழிபெயர்த்து 1801-02ல் வெளியிட்ட உபநிஷத்துகளை ஷோபன்ஹவர் வாழ்நாள் முழுவதும் படித்துக்கொண்டிருந்தார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்த்தீர்களா, எழுத்து ஒன்று, வாழ்க்கை ஒன்று என்று சிரிப்பது சுலபம். சிரித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அந்தச் சம்பவத்தால் ஒரு பயனும் இல்லை. எனக்கு இதில் வேறு ஒரு கேள்வி இருக்கிறது. பிறனோடு ஒன்றிப்போவதும், பிறன் எழுப்பும் சப்தத்தைப் பொறுக்கமுடியாமல் அவனைத் தள்ளுவதும் உண்மையிலேயே எதிரெதிரான காரியங்கள்தானா? இரண்டுக்கும் ஒரே வேர் இருக்கக்கூடுமா? இந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பியது தத்துவ நூல் எதுவுமில்லை. சென்ற சில ஆண்டுகளில் மிஸோஃபோனியா என்ற ஒன்றைப் பற்றி மூளை ஆராய்ச்சிக்காரர்கள் கண்டு சொன்னவைதான்.

2

மிஸோஃபோனியா என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலப்படி ஒலி வெறுப்பு என்று பொருள். 2001-ல் ஜாஸ்ட்ரெபாஃப் தம்பதி இந்தப் பெயரை வைத்தார்கள். இது காது சம்பந்தப்பட்ட கோளாறு என்று பெயரைக் கேட்டதும் தோன்றும். அப்படியில்லை. உரத்த சப்தம் எதுவானாலும் வலிக்கிறது என்பவர்களின் பிரச்னை வேறு. இவர்களுக்கு வெடிச் சத்தம் பொருட்டில்லை. பக்கத்தில் ஒருவர் சோற்றை மெல்லுவது, மோரை உறிஞ்சுவது, மென்று விழுங்குவது, மூக்கால் மூச்சு விடுவது, சில பேருக்குப் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவது — இவைதான் தாங்க முடியாதவை. கேட்ட மாத்திரத்தில் எரிச்சலும் அருவருப்பும் உடனே கோபமாகின்றன. ஓடிப்போக வேண்டும், அல்லது அந்த மனிதரை அடிக்க வேண்டும் என்று உடம்பு சொல்கிறது. தானே மெல்லும் சப்தம் பெரும்பாலோரை ஒன்றும் செய்வதில்லை. ஆம்ஸ்டர்டாமில் மனநல மருத்துவர்கள் 42 பேரைப் பரிசோதித்து 2013-ல் இதற்கென்று அடையாளங்களை வரையறுத்தார்கள். அதில் ஒரு அடையாளம் என் கவனத்தில் நின்றது: தன் கோபம் அளவுக்கு மீறியது, நியாயமில்லாதது என்று அந்த மனிதருக்கே தெரிந்திருக்கும். அதே 2013-ல் சான் டியகோவிலிருந்து வி. எஸ். ராமசந்திரனும் அவரது சகாக்களும் எழுதிய கட்டுரை, இது வெறும் புகார் இல்லை, இந்த ஒலிகளைக் கேட்கும்போது தோலின் மின் கடத்தும் தன்மையே மாறுகிறது என்று காட்டியது. அதாவது உடம்பு பொய் சொல்லவில்லை.

2017-ல் இங்கிலாந்தில் நியூகாஸில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுக்பிந்தர் குமாரும் உடனிருந்தவர்களும் இந்தத் தொந்தரவு உள்ள 20 பேரையும் இல்லாத 22 பேரையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து மூன்று விதமான ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். மழை போன்ற சாதாரண ஒலிகள். குழந்தையின் வீறிடல், அலறல் போன்று எல்லோருக்குமே பிடிக்காத ஒலிகள். மெல்லுதல், மூச்சு விடுதல் போன்ற ஒலிகள். முதல் இரண்டு விதங்களில் இரு சாராருக்கும் வித்தியாசமில்லை. மூன்றாவதில்தான் பிரிந்தார்கள். தொந்தரவு உள்ளவர்களுக்கு இதயத் துடிப்பு கூடியது. மூளையில் முன் இன்ஸுலா என்ற பகுதி அளவுக்கு மீறிக் கிளர்ந்தது. பயம், நினைவு, உணர்ச்சியை மட்டுப்படுத்துதல் இவற்றோடு சம்பந்தப்பட்ட பகுதிகளோடு அதற்கிருந்த தொடர்பும் வழக்கத்துக்கு மாறாக இருந்தது.

இன்ஸுலா என்பது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பகுதி. வயிறு புரட்டுவது, நெஞ்சு அடித்துக்கொள்வது போன்ற உள் சமாசாரங்கள் அங்கே பதிவாகின்றன. அதோடு, வெளியிலிருந்து வந்து குவியும் ஆயிரம் விஷயங்களில் எது இப்போது எனக்கு முக்கியம் என்று குறியிடும் வேலையிலும் அதற்குப் பங்குண்டு. எங்கள் பாங்கில் காசோலைகளோடு சில சமயம் 'அவசரம்' என்று சீட்டுக் குத்திய ஒன்று வரும். எதற்கு அவசரம் என்று அந்தச் சீட்டில் இருக்காது. இன்ஸுலாவும் அப்படித்தான். ஒரு மனிதர் அப்பளம் கடிக்கிறார். அதன்மேல் அவசரச் சீட்டு விழுகிறது. ஏன் என்ற காரணத்தை மனசு பிறகுதான் தேடுகிறது.

3

2021-ல் அதே குழு ஒரு படி மேலே போயிற்று. இதுதான் என் கட்டுரைக்கு முக்கியமானது. மெல்லும் ஒலியைக் கேட்கும்போது இவர்களுடைய செவிப்புலப் பகுதியில் பிறரிடமிருந்து வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. கேட்பதில் ஒன்றும் விசேஷமில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. வாயையும் தாடையையும் முகத்தையும் அசைக்க ஏற்பாடு செய்யும் பகுதி ஒன்று மூளையில் இருக்கிறது. இவர்களுக்குக் காதின் பகுதிக்கும் அந்த வாயின் பகுதிக்கும் உள்ள தொடர்பு வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. பிறர் மெல்லும் ஒலி காதில் விழுந்ததும் இவர்களுடைய வாய்ப்பகுதி தானே விழித்துக்கொண்டது. எதிரே இருப்பவர் மெல்லுகிறார். இவர் மூளைக்குள் இவருடைய தாடை அதற்குத் தயாராகிறது. பிறர் செய்கையைப் பார்க்கும்போது அதையே செய்யும் நரம்பணுக்கள் தன்னுள்ளும் இயங்குவதை 1990களில் இத்தாலியில் பார்மா நகரில் குரங்குகளிடம் கண்டார்கள்; அந்த வழியில் இதையும் புரிந்துகொள்ளலாம் என்பது குமாரின் யோசனை. விரல்களால் தட்டும் ஒலி தொந்தரவு செய்கிறவர்களைப் பரிசோதித்த பின்னாளைய அமெரிக்க ஆய்வு ஒன்று, வாய்க்கான பகுதியை மட்டும் வைத்துக் கதையை முடித்துவிட முடியாது, விரலுக்கான பகுதியும் இதில் வருகிறது என்று சொன்னது. அதனால் யோசனையின் அடிப்படை கெடவில்லை, விரிவடையத்தான் செய்கிறது. இந்தத் தொந்தரவு உள்ளவர்களில் பலர், எதிரே உள்ளவரைப்போலத் தாமும் மென்று காட்டினால் சற்று ஆறுதல் கிடைக்கிறது என்று சொல்லியிருப்பதும் இதனோடு பொருந்துகிறது. தன்மேல் சுமத்தப்பட்ட அசைவைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டுவிட்டால் உபத்திரவம் குறைகிறது.

ஆதம் ஸ்மித் பொருளாதாரம் எழுதுவதற்கு முன்னால், 1759-ல், மன உணர்ச்சிகளின் அறவியலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் தொடக்கப் பக்கங்களிலேயே கழைக்கூத்தாடியைப் பார்க்கும் கூட்டம் வருகிறது. கயிற்றின்மேல் நிற்பவன் வளையும்போது கீழே நிற்பவர்களும் தம்மையறியாமல் வளைகிறார்கள். பிச்சைக்காரரின் உடம்பில் புண்ணைப் பார்க்கும் மெல்லிய சுபாவமுள்ளவர்களுக்குத் தங்கள் உடம்பில் அதே இடத்தில் அரிப்பு எடுக்கிறது என்றும் எழுதுகிறார். மனிதன் மனிதனோடு ஒட்டுவது எப்படி என்று விளக்க ஸ்மித் கண்ட உதாரணங்கள் இவை. கழைக்கூத்தாடியின் உடம்பு கூட்டத்தின் உடம்புக்குள் நுழைவதற்கும், மெல்லுகிறவரின் வாய் பக்கத்து இலைக்காரரின் வாய்க்குள் நுழைவதற்கும் அமைப்பில் வித்தியாசமில்லை.

ஷோபன்ஹவரின் சுவர் இங்கே இடிந்துதான் கிடக்கிறது. எனக்கும் பிறனுக்கும் நடுவே இருந்த தடுப்பு இல்லாமல் போன நிலை, அவர் சொன்னபடியே, சாப்பாட்டு மேஜையில் தினம் மூன்று வேளை நிகழ்கிறது. இடிந்த சுவரின் வழியே வந்தது இரக்கமில்லை, கொலை வெறி.

4

சிலர் இங்கே ஆட்சேபிப்பார்கள். இரக்கத்தில் நாம் பகிர்ந்துகொள்வது துன்பத்தை. இங்கே ஒருவர் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா? இந்த ஆட்சேபம் என் பக்கத்துக்கே பலம் சேர்க்கிறது. பிறர் துன்பத்தில் நாம் கலக்கும்போது நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. துன்பம் நம்மைக் கூப்பிடுகிறது, நாம் போகிறோம். போகிறவன் திரும்பியும் வரலாம். அழுகிறவருக்கு நம் தேவை இருக்கிறது; கொடுக்க நம்மிடம் ஏதோ இருக்கிறது; நம் இடம் உறுதியாகிறது. சாப்பிடுகிறவருக்கு நாம் தேவையேயில்லை. அவர் தன் பசியோடும் தன் சோற்றோடும் முழுமையாக இருக்கிறார். நாம் அவரிடம் போகவில்லை. அவர் கேட்காமலே நமக்குள் வந்து, நம் தாடையை எடுத்துக்கொண்டு விடுகிறார். பிறன் என்பவன் உண்மையாகவே இருக்கிறான், என்னைச் சாராமல் உண்கிறான், உறங்குகிறான், மூச்சு விடுகிறான் என்பது இதைவிட நெருக்கமாக நமக்குத் தெரியவருவதே இல்லை.

வேற்று மனிதரைவிட நெருங்கியவரின் சப்தமே அதிகம் வதைக்கிறது என்று பலர் சொல்வதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் சொன்னார்: ஹோட்டலில் யார் எப்படிச் சாப்பிட்டாலும் அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. வீட்டில் அப்பா மோர்சாதத்தைப் பிசைந்து கையில் வழித்து உறிஞ்சும்போது மட்டும் கண் இருண்டு வருகிறது. அப்பாமேல் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. கடன்பட்டுப் படிக்கவைத்த அப்பா. வெறுப்பு அன்புக்கு எதிரி என்றால் இந்த மனிதர் ஒரு புதிர். வெறுப்பும் அன்பும் ஒரே வாசல் வழியாக வருகின்றன என்றால் புதிர் ஒன்றுமில்லை.

ஆக, பிறனோடு ஒன்றுதல் தன்னளவில் அறமாகாது. அது ஒரு கதவு. அதன் வழியே எது வரும் என்பது கதவைப் பொறுத்த விஷயமில்லை. ஸ்மித் இதை ஒருவகையில் உணர்ந்திருந்தார் என்று தோன்றுகிறது. உடம்போடு உடம்பு ஒட்டும் உதாரணங்களில் தொடங்கிய அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. பாரபட்சமில்லாத ஒரு பார்வையாளனை மனசுக்குள் நிறுத்தி, நம் உணர்ச்சியையும் எதிராளியின் உணர்ச்சியையும் சற்று எட்ட நின்று பார்க்கச் சொன்னார். ஷோபன்ஹவருக்குச் சுவர் இடிவதே முடிவு. ஸ்மித்துக்கு அதற்குப் பிறகும் வேலை இருந்தது.

5

அந்த வேலை என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகளில் இளிவரலையும் வெகுளியையும் தனித்தனியே வைக்கிறது. வெகுளி பிறக்கும் களன்களாக உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்று நான்கு சொல்கிறது. உறுப்பைச் சிதைத்தல், தன்னைச் சார்ந்த குடியை நலிதல், அலைத்து வருத்துதல், கொல்லுதல். நான்கும் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் தீங்குகள். தீங்கில்லாமல் வெகுளி இல்லை என்பது இதில் அடக்கம். 1962-ல் பிரிட்டிஷ் தத்துவவாதி பி. எஃப். ஸ்ட்ராஸன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றிலும் இதே கருத்து வேறு வழியில் வருகிறது. ஒருவர் என் கையைத் தவறி மிதித்தாலும் வேண்டுமென்று மிதித்தாலும் வலி ஒன்றுதான். ஆனால் மனக்கசப்பு ஒன்றில்லை. நாம் கோபிப்பது வலிக்காக இல்லை. அந்த மிதியில் தெரியும் அலட்சியத்துக்காக. தவறி நேர்ந்தது என்று தெரிந்தால் கோபம் இறங்கிவிடும்.

மிஸோஃபோனியாவில் கோபம் இறங்குவதில்லை. சாப்பிடுகிறவர் மனசில் எந்தத் தீங்கும் இல்லை என்று தெளிவாகத் தெரிந்தும் இறங்குவதில்லை. இங்கே தீங்கு முந்தி, கோபம் பிந்தி என்ற வரிசை தலைகீழாகி, கோபம் முதலில் வந்து தனக்கொரு தீங்கைத் தேடுகிறது. வேண்டுமென்றே செய்கிறான், எத்தனை தடவை சொன்னாலும் மதிக்கமாட்டேன் என்கிறான், பிறரைப் பற்றிய நினைப்பே இல்லாதவன் — குற்றப்பத்திரிகை தயாராகிறது. காஃப்கா தன் கடைசிக் காலத்தில் எழுதிய வளை பற்றிய கதையில் பூமிக்கடியில் வசிக்கும் ஒரு பிராணி மெல்லிய சீறல் ஒலி ஒன்றைக் கேட்கிறது. எந்த மூலைக்குப் போனாலும் அதே அளவில் கேட்கிறது. முதலில் சின்னப் பூச்சிகள் என்று நினைக்கிறது. பிறகு பெரிய மிருகம் ஒன்று தன்னை நோக்கித் தோண்டிக்கொண்டு வருகிறது என்று முடிவு கட்டுகிறது. அந்த மிருகத்தைக் கதையில் நாம் கடைசிவரை பார்ப்பதில்லை. ஒலி இருக்கிறது, எதிரி அதிலிருந்து உண்டாகிறான்.

ஒலியின் அர்த்தம் ஒலிக்குள் இல்லை என்பதைச் சோதனைகளும் காட்டுகின்றன. கலிபோர்னியாவில் செய்த சோதனைகளில், மனிதர் மெல்லும் ஒலியை அது இன்னதென்று அடையாளம் காணாமல் வேறு எதுவோ என்று எடுத்துக்கொண்டபோது தொந்தரவு குறைந்தது. மெல்லும் ஒலியோடு, அந்த ஒலி பிறக்கக்கூடிய வேறு ஒரு காட்சியைப் படமாகச் சேர்த்துக் காட்டியபோதும் குறைந்தது. காதில் விழும் அலை ஒன்றேதான். அது ஒரு மனிதரிடமிருந்து வருகிறது என்பதே விஷம்.

இப்போது பொறுப்பு என்ற கேள்வி வருகிறது. இன்ஸுலா சீட்டுக் குத்துவதற்கு யாரும் பொறுப்பாக முடியாது. நெஞ்சு அடித்துக்கொள்வதைத் தடுக்க யாருக்கும் ஸ்வாதீனம் கிடையாது. அந்த முதல் கணத்தின் வெறுப்புக்காக ஒருவரை நல்லவர், கெட்டவர் என்று பிரிப்பது காய்ச்சலுக்காகப் பிரிப்பதற்குச் சமம். குற்றப்பத்திரிகை வேறு சங்கதி. அது எழுதப்படுவது, எழுதாமலும் இருக்கலாம். எனக்கு முக்கியமாகத் தோன்றியது இருந்தாற்போல அவன் குற்றமாக மாறும் இடத்தில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அறம் என்று ஒன்று இருந்தால் அது குடியிருக்கக்கூடிய இடம் அந்த இடைவெளிதான். சுவர் இடிந்த இடத்தில் இல்லை.

ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் குறித்த அந்த அடையாளத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தத் தொந்தரவுள்ளவர்களுக்குத் தங்கள் கோபம் நியாயமற்றது என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். தனியே சாப்பிடுகிறார்கள். தங்களையே வெறுத்துக்கொள்கிறார்கள். ஒரு விதத்தில், தம் அருவருப்பைத் தீர்ப்பு என்று எண்ணாத மனிதர்கள் இவர்கள். இந்த நோய் இல்லாத நமக்கோ அந்தத் தயக்கம் இருந்ததே இல்லை. ஒருவர் சாப்பிடும் விதத்தைப் பார்த்து, கேட்டு, அவருடைய குலம், வளர்ப்பு, படிப்பு எல்லாவற்றையும் கணித்துவிடுகிறோம். 'நாகரிகம் தெரியாதவன்' என்ற ஒரே சொல்லில் உடம்பின் முகச்சுளிப்பு சமூகத்தின் நியதியாகிவிடுகிறது. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதை வைத்தே மனிதர்களை அடுக்கிவைத்த நாடு இது. பந்தியில் பேதம் காட்டியவர்களும் தங்களுக்குள் எழுந்த அருவருப்பை உண்மையாகவே உணர்ந்திருப்பார்கள். அது வேஷமாக இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. உணர்ந்தது உண்மை என்பதால் அது நியாயம் என்று ஆகிவிடுமா? தலைமுறை தலைமுறையாக ஆகும் என்றே எண்ணி வந்திருக்கிறார்கள்.

6

சிறு பத்திரிகை படிக்கும் நமக்கு இதில் நேரடியான சம்பந்தம் ஒன்று இருக்கிறது. நுண்ணுணர்வு என்ற சொல்லை நாம் எவ்வளவு தாராளமாகச் செலவழிக்கிறோம்! நல்ல கவிதையை நுண்ணுணர்வு உள்ளவன் அறிவான். இல்லாதவனிடம் பேசிப் பயனில்லை. விமர்சனத்தில் பாதி இந்த ஒரே வாதத்தின் மேல் நடந்திருக்கிறது. சகிக்கவில்லை, காது கூசுகிறது, படிக்க முடியவில்லை என்பவை நம்மிடம் காரணங்களாகவே செல்லுபடியாகின்றன. புரூஸ்ட் பாரிஸில் தன் அறைச் சுவர்களில் தக்கைப் பலகை அடித்துக்கொண்டு எழுதினார், காஃப்கா தன் வீட்டு இரைச்சலைப் பற்றியே ஒரு சிறு உரைநடை எழுதி 1912-ல் வெளியிட்டார் என்பதெல்லாம் நமக்கு மகான்களின் சரித்திரம்போல. சப்தம் தாங்காதவன் கலைஞன்; தாங்குகிறவன் பாமரன். ஷோபன்ஹவர் 1851-ல் சொன்னதைத்தான் நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சோதனைக்கூடம் இதற்கு அளிக்கும் பதில் நமக்கு உவப்பாக இல்லை. சப்தம் தாங்காதவர்களின் செவிப்புலப் பகுதி மற்றவர்களுடையதைவிட நுட்பமானதாகத் தெரியவில்லை. அலறலையும் அழுகையையும் அவர்கள் மற்றவர்களைப்போலவேதான் கேட்டார்கள். அவர்கள் அதிகமாகக் கேட்கவில்லை. கேட்டதில் ஒரு குறிப்பிட்ட சங்கதி அவர்களுக்குள் அளவுக்கு மீறி முக்கியமாகிவிட்டது, அவ்வளவுதான். கூசுவது வேறு, கூர்மை வேறு. ஒரு வரி என்னைக் கூசச் செய்தால், அந்த வரி மோசம் என்பதற்கு அது சாட்சியமாகாது. அந்த வரிக்கும் எனக்கும் இடையே ஏதோ நடந்தது என்பதற்கு மட்டும்தான் சாட்சியம். எது நடந்தது, வரியில் உள்ள பொய்யா, அல்லது அந்த வரியின் பாஷை நான் வளர்ந்த வீட்டில் பேசாத பாஷை என்பதா — இதைக் கேட்கும்போதுதான் விமர்சனம் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடப்பது உடம்பின் காரியம். வட்டார வழக்கில் எழுதப்பட்ட கதைகளை, தெருப் பேச்சு ஏறிய கவிதைகளை, 'கொச்சை' என்று ஒதுக்கிய காதுகள் நுண்மையான காதுகள்தான் என்று அந்தக் காதுக்காரர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள்.

இதனால் உணர்ச்சியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அளவுகோல்களை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூச்சமே இல்லாத விமர்சகனுக்குச் சொல்ல எதுவும் இருக்காது. சீட்டு விழட்டும். சீட்டில் காரணம் எழுதியிருக்கவில்லை என்பதை மறந்துவிட வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

7

மெல்லுகிறவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். எல்லாரும் உபத்திரவப்படுகிறவரைப் பற்றியே பேசுகிறார்கள்; என் கட்டுரையும் அப்படியே வந்திருக்கிறது. வானொலியைச் சின்னதாக வையுங்கள் என்று கேட்கலாம். மேஜையைத் தட்டாதீர்கள் என்று கேட்கலாம். சாப்பிடாதே, மூச்சு விடாதே என்று எப்படிக் கேட்பது? அது செய்கையைப் பற்றிய புகாராக அவருக்குக் கேட்காது. நீ இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை என்றுதான் கேட்கும். வயதானவர்களிடம் இது இன்னும் கொடுமை. பல் விழுந்து, பல் செட் பொருந்தாமல், வாய் தன் வசத்தில் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஒரு வயதுக்குமேல் சப்தமில்லாமல் சாப்பிட முடியாமல்தான் போகிறது. அப்போது பிள்ளையின் முகத்தில் ஒரு சுளிப்பைப் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு எந்தச் சோறும் இறங்காது.

இதில் அதிகாரம் யாரிடம் என்பதும் உண்டு. அமைதி கேட்கும் உரிமை எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. பெர்லின் முன்கூடத்தில் அறைக்குள் இருந்தவருக்குச் சொத்து இருந்தது, படிப்பு இருந்தது, மறுக்கிறவரைத் தூக்கிப் போடும் தெம்பு இருந்தது. தையற்கார அம்மாளிடம் இரண்டு கைகள் இருந்தன. மாதாமாதம் சம்பாதிக்கிற பிள்ளைக்கும் ஓய்வு பெற்ற அப்பாவுக்கும் இடையிலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டில் யார் முகம் சுளித்தால் யார் எழுந்து போகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

என் நண்பரிடம், அப்பாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். ராத்திரி எட்டு மணிக்கு அப்பா இலையில் உட்காரும்போது இவர் கூடவே கூடத்தில் உட்காருகிறார். ஃபேனை ஐந்தில் வைக்கிறார். இவர் அப்போது சாப்பிடுவதில்லை. ஆபீஸ் கேன்டீனில் ஏதோ சாப்பிட்டுவிட்டேன், பிறகு சாப்பிடுகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறார். உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பேசினால் சப்தம் கொஞ்சம் அமுங்குகிறது. அப்பா சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனதும் இவர் மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறார். பிள்ளைக்கு அகாலத்தில் தின்னும் பழக்கம் வந்துவிட்டது, உடம்பு கெட்டுவிடும் என்பது ஒன்றுதான் அப்பாவின் கவலை.

ஏன் அங்கேயே உட்கார வேண்டும், உள்ளே போய்விடலாமே என்றேன். தனியாகச் சாப்பிட அப்பாவுக்குப் பிடிக்காது என்றார்.

இதை இரக்கம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த நேரத்தில் அவருக்குள் இருப்பது இரக்கமில்லை என்பதை அவரே சொல்லிவிட்டார். அப்பாவின் வாய் அவருக்குள் நுழைந்து வதைக்கும்போது, அதை அப்பாவின் குற்றம் ஆக்காமல், தினமும் இருபது நிமிஷம் ஒரு ஃபேனின் இரைச்சலையும் ஒரு பொய்யையும் நடுவில் வைத்து அவர் ஒரு சுவர் கட்டுகிறார். ஷோபன்ஹவர் இடிக்கச் சொன்ன சுவர்தான்.